எட்டே கால் மணிப் பந்தி: பள்ளிக் காலை உணவு குறித்து ஒரு மதிப்புரை

கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் சாலையிலிருந்து விலகி உள்ளே கிடக்கும் ஒரு கரிசல் கிராமத்தின் தொடக்கப் பள்ளியில், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்ற முறையில், கடந்த கல்வியாண்டில் ஏறக்குறைய நாற்பது காலைகள் நான் உணவு ருசி பார்த்திருக்கிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைத்ததைப் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவது எங்கள் பள்ளியில் தவறாமல் நடக்கிறது. அந்தப் பதிவேட்டில் கருத்து எழுதுவதற்கு உள்ள கட்டம் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். 'நன்று' என்று எழுதினால் நிரம்பிவிடும். அதற்குள் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் அறுபத்திரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீப்பெட்டி ஆபீசுக்கோ காட்டு வேலைக்கோ ஏழு மணிக்குள் கிளம்பிவிடும் தாய்மார்களின் பிள்ளைகள். அந்த வீடுகளில் சமைக்க நேரம்தான் இல்லையே தவிர, முந்தின இரவுச் சோறோ, கடையில் வாங்கிய வருக்கியும் டீயுமோ எப்படியும் இருக்கும். இந்தப் பந்தி அவர்களுக்கு ஒரு நல்ல வசதி. நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டவர்கள் வேறு பிள்ளைகள். சம்பாத்தியம் என்று வெளியே போய்வரும் பெரியவர் ஒருவர்கூட இல்லாத வீடுகள் எங்கள் ஊரில் ஐந்து இருக்கின்றன. அந்த ஐந்து வீடுகளிலிருந்து எட்டுப் பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கு வருகிறார்கள். ஒரு சேவை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதை, அது இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளக் கூடியவரை வைத்து எடைபோட முடியாது என்பது என் எண்ணம்.

ஐந்து வீடுகளும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் தகப்பன் பட்டாசு ஆலை விபத்தில் இரு கைகளும் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் வீட்டில் இருக்கிறார். தாய்க்கு மனநலம் சரியில்லை. அப்பத்தாவுக்கு வரும் முதியோர் உதவித்தொகைதான் அந்த வீட்டின் மாத வருமானம். இரண்டு வீடுகளில் நடமாட்டம் குறைந்த தாத்தாவும் பாட்டியும் மட்டுமே பேரப்பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள். நான்காவது வீட்டில், கணவனை இழந்த தாய் வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்து மற்ற நாள்களில் படுத்திருக்கிறார். ஐந்தாவது வீட்டைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். எந்த வீடு என்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்; பொருள் மாறவில்லை.

திட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது இது 1,545 பள்ளிகளில் மட்டும் நடந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தது. பிறகு 2024இல் ஊரகப் பகுதி, 2025இல் நகர்ப்புறப் பகுதி என அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்ததில் சாப்பிடும் பிள்ளைகள் சுமார் 20 லட்சம் ஆனார்கள். பள்ளியில் சோறு போடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதும், 1956இல் காமராசர் தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்ததும் எல்லாரும் அறிந்தவை. காமராசர் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில் என்பதை எங்கள் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் அழுத்தியே சொல்வோம். அவை அனைத்தும் மதியச் சாப்பாடு. காலை வெறும் வயிறு என்பது இத்தனை ஆண்டுகளும் வீட்டுக் கணக்கிலேயே விடப்பட்டிருந்தது.

இனி உணவுக்கு வருகிறேன். ஒரு பிள்ளைக்கு அரிசி, ரவை, சேமியா அல்லது சிறுதானியம் 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், கிடைக்கும் காய்கறி என்பது அளவு. வெந்தபின் அது 150 முதல் 200 கிராம் வரை வரும். கூட ஒரு சிறு கரண்டி நிறையச் சாம்பார். உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகிய மூன்றும் வாரம் முழுவதும் முறை மாற்றி வருகின்றன. இவற்றில் தயங்காமல் பாராட்டத் தக்கது பொங்கல். மிளகும் சீரகமும் தாளித்து, கறிவேப்பிலை தாராளமாகப் போட்டு, அரிசியும் பருப்பும் குழைந்து வரும் அந்தப் பொங்கலில் முந்திரி இல்லை, நெய் மணம் இல்லை. ஆனாலும் கோவில்பட்டி பேருந்து நிலையத்தருகே நான் காசு கொடுத்துச் சாப்பிட்ட பல பொங்கல்களைவிட அது மேல். அரிசி உப்புமாவைப் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள் என்று 2025இல் அதன் இடத்தில் பொங்கலைக் கொண்டுவந்தது சரியான முடிவு. சோளக் கிச்சடி எங்கள் மண்ணின் தானியத்தில் செய்தது என்பதால் எனக்குப் பிடிக்கும்; பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "நாங்க வேற வழியில்லாம தின்னத இப்ப சத்துன்னு போடுதாக" என்று ஒரு பாட்டி பள்ளி வாசலில் நின்று சிரித்தார்.

சேமியாதான் தொல்லை. ஆறரைக்கு அடுப்பேற்றி ஏழரைக்கு இறக்கினால், எட்டே காலுக்குப் பந்தி உட்காரும்போது அது அண்டாவின் வடிவத்திலேயே கட்டியாகிவிடுகிறது. கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. சாம்பாரும் எல்லா நாளும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. முருங்கைக்காய் காய்க்கும் மாதங்களில் வாசல் வரை மணக்கிறது. கோடையில் காய் விலை ஏறிவிட்டால், மஞ்சள் நிறத் தண்ணீரில் இரண்டு பரங்கித் துண்டுகள் நீந்துகின்றன. மாசியில் ஒரு நாள் கேஸ் சிலிண்டர் பாதிச் சமையலில் தீர்ந்துபோய், மாற்றுச் சிலிண்டரும் இல்லாமல், விறகடுப்பு மூட்டி முடிப்பதற்குள் ஒன்பதரை ஆகிவிட்டது. அன்று பெரும்பாலான பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் அடுப்படியைவிட்டு நகரவில்லை.

சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள். இருவரின் பிள்ளைகளும் இதே பள்ளியில் படிக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களையே நியமிக்க வேண்டும் என்று திட்டத்தை வகுத்தவர்கள் யோசித்திருப்பது மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. தன் பிள்ளையும் அதே தட்டில் சாப்பிடும்போது ரவையில் வண்டு இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக மேற்பார்வையாளர் வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் சமையல் விவரத்தையும் படத்தையும் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டிய வேலையும் இவர்களுடையதே. பள்ளி வளாகத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால், ஒருவர் கரண்டியைப் பிடித்திருக்க, மற்றவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி ஊருணிக்கரைப் புளியமரம் வரை போய்வருவதை வாரத்தில் இரண்டு நாளாவது பார்க்கலாம்.

இந்தப் பந்தியின் முதன்மையான சிறப்பு சமையலில் இல்லை. இங்கே உட்காரும் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அட்டை இல்லை, வருமானச் சான்று இல்லை, 'அப்பா என்ன பண்ணுதாரு' என்ற கேள்வி இல்லை. பள்ளியில் பெயர் இருந்தால் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருப்பவரின் மகனும், யாரும் வேலைக்குப் போகாத வீட்டுப் பெண்ணும் ஒரே வரிசையில் ஒரே அளவு வாங்குகிறார்கள். அந்த வரிசையைப் பார்த்து யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று வெளியூர்க்காரர் ஒருவரால் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் உதவித்தொகைப் படிவத்துக்காக எழுந்து நிறுத்தப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் அறிவார்கள். எனக்கு அந்த அனுபவம் உண்டு.

மற்ற உதவிகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அந்த ஐந்தில் மூன்று வீடுகளுக்கு, மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டை இருக்கிறது. மாதம் 35 கிலோ அரிசி விலையில்லாமல் வந்துவிடுகிறது. ஆனால் அரிசி சோறாவதற்கு ஓர் ஆள் வேண்டும், விறகோ சிலிண்டரோ வேண்டும், தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும். கைகள் வெந்தவரின் வீட்டில் ஐந்தாம் வகுப்புக்குப் போகும் மகள்தான் உலை வைக்கிறாள். ராத்திரி ஒரு வேளை வடிப்பதோடு சரி. நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்கிற திட்டம், வேலை கேட்டு வரக்கூடிய பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பார் என்ற எண்ணத்தில் அமைந்தது. மண்வெட்டி பிடிக்க முடியாத அவருக்கு அதில் வேலை கிடைக்கவில்லை. முதியோர் உதவித்தொகை 2023இல் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது; மூன்று தலைமுறை அதில் சாப்பிட வேண்டும் என்று யாரும் கணக்குப் போட்டு அந்தத் தொகையை நிர்ணயிக்கவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே 2025 செப்டம்பரில் அன்புக்கரங்கள் திட்டம் வந்தது. பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய், நல்ல தொகை. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் மாற்றுத்திறன், கொடிய நோய், சிறை போன்ற காரணங்களால் பராமரிக்க முடியாமல் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கும். டயாலிசிஸ் தாயின் பிள்ளைகளுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். ஆனால் கைகள் வெந்தவரின் மகளுக்கு அது பொருந்தவில்லை. அவளுக்கு அப்பா இருக்கிறார், அம்மாவும் இருக்கிறார். இருவராலும் முடியவில்லை என்பது வேறு, இருவரில் ஒருவர் இல்லை என்பது வேறு. படிவத்தை நிரப்பிக் கொடுக்கப் போன என்னிடம், அந்த அப்பத்தா, "ரெண்டு பேரும் இருக்கது தப்பாப் போச்சா தம்பி?" என்று கேட்டார். நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

காலை உணவு அந்தச் சிறுமியிடம் இவற்றில் எதையும் கேட்கவில்லை. அவளுக்கு மூன்று வயதில் ஒரு தம்பி இருக்கிறான். வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாததால் அங்கன்வாடி திறக்கும்வரை அவனையும் இடுப்பில் சுமந்துகொண்டு பள்ளிக்கு வந்துவிடுகிறாள். விதிப்படி பெயர்ப் பதிவில் உள்ள பிள்ளைக்கு மட்டுமே உணவு. அவள் தட்டில் மட்டும் கரண்டி கொஞ்சம் குவிந்து விழுவதையும், அவள் சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பாதியை ஊட்டிவிட்டு மீதியைச் சாப்பிடுவதையும் நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். இதை வெளியில் எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். சமையல்காரப் பெண்ணிடம் கேட்டதற்கு, "எழுதுங்கண்ணே, அம்பது கிராம்ல அஞ்சு கிராம் கூடிப்போச்சுன்னு என்னைய என்ன பண்ணிரப் போறாக" என்றார். எழுதிவிட்டேன்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் ஆள் உள்ள வீட்டில் காலை என்பது தானாகவே நடந்துவிடும். ஒருவர் எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள், தூக்குவாளி நிரம்பும், 'பஸ்ஸு போயிரும்' என்ற சத்தத்தில் பிள்ளையின் தலையும் வாரப்பட்டுவிடும். யாரும் எங்கும் போக வேண்டியிராத வீட்டில் ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் வேறுபாடு இல்லை. தாத்தா வீட்டில் வளரும் ஒரு பையன் முன்பெல்லாம் முதல் பாடம் முடிந்தபிறகே வருவான், பல நாள் வரவே மாட்டான் என்று தலைமையாசிரியை சொன்னார். இப்போது எட்டு மணிக்கே வந்து, தாழ்வாரத்தின் மூன்றாவது தூணருகே தனக்கென்று ஓர் இடம் பிடித்து, தட்டைக் கழுவி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த வீட்டில் கடிகாரம் ஓடுவதில்லை. அண்டா மூடியை நகர்த்தும் சத்தம் கேட்கும் நேரத்தில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்று அவன் தெரிந்துவைத்திருக்கிறான். அப்படியும் சில நாள் தாமதமாக வருபவர்கள் இந்த எட்டுப் பேர்தான். பந்தி முடிந்தபின் வந்த பிள்ளைக்கு இல்லை என்று சொல்லும் பள்ளிகளும் இருக்கக்கூடும். எங்கள் பள்ளியில் இரண்டு தட்டுகளைப் போட்டு மூடிவைக்கிறார்கள். ஒரு நாள் அதில் ஒன்றை நாய் தள்ளிவிட்டுவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சேவையின் பெரிய குறை திங்கட்கிழமையில் தெரியும். வெள்ளிக்கிழமை மதியச் சத்துணவுக்குப் பிறகு திங்கள் காலைவரை அந்த எட்டுப் பேருக்குமான சாப்பாடு மறுபடியும் வீட்டின் பொறுப்பு. மாசி மாதத்தில் நான்கு வாரம் நான் எண்ணிப் பார்த்தேன்: திங்கட்கிழமைகளில் எட்டுப் பேரில் ஏழு பேராவது மறுமுறை வாங்கினார்கள், சிலர் மூன்றாம் முறையும் எழுந்து வந்தார்கள், வியாழக்கிழமைகளில் மறுமுறை வாங்கியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். 50 கிராம் என்ற அளவுக்குக் கிழமை தெரியாது. சமையல்காரப் பெண்களுக்குத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை வராத பிள்ளைகளின் பங்கை எப்படியோ சேர்த்துவைத்துத் திங்களன்று ஒரு படி கூடுதலாகப் போடுகிறார்கள். கணக்கு எழுதும் நோட்டில் அது எப்படி வருகிறது என்று நான் கேட்கவில்லை. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளும் கோடையும் அப்படித்தான்: பசியின் நாள்காட்டி வேறு, பள்ளியின் நாள்காட்டி வேறு. கோடையில் அந்த வீட்டுப் பிள்ளைகள் மெலிந்து திரும்புகிறார்கள் என்று சொல்ல எடைக்கருவி தேவையில்லை. சீருடை இடுப்பில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஐந்தாவது வீட்டைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். அங்கே தகப்பனுக்கு உடலில் ஒரு குறையும் இல்லை. குடிக்கிறார், வேலைக்குப் போவதில்லை. மனைவி இரண்டாண்டுக்கு முன் தாய்வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. "பிள்ளைக்கு ரெண்டு வேளையும் கவர்மெண்டே போட்டா அவன் எதுக்கு வேலைக்குப் போவான்" என்று டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம் வாதிட்டார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்த ஆளைப் பார்த்தால் எனக்கும் அதே கோபம் வருகிறது. ஆனால் திட்டம் வருவதற்கு முன்பும் அவர் வேலைக்குப் போகவில்லை. அப்போது மகன் பட்டினியாக வந்தான், இப்போது சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிறான், வேறுபாடு அவ்வளவுதான். மற்ற நான்கு வீடுகளையும் இந்த ஒரு வீட்டைக் காட்டியே ஊர் பேசுகிறது என்பது அதைவிட எனக்கு உறுத்துகிறது. கைகள் ஒட்டிப்போனவரும் 'வேலவெட்டி இல்லாத ஆளு' என்ற அதே கணக்கில்தான் டீக்கடையில் வருகிறார்.

குடிநீர், தட்டு கழுவும் இடம், அடுப்படியின் சுத்தம் ஆகியவற்றில் எங்கள் பள்ளிக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். தட்டுகள் போதுமான எண்ணிக்கையில் இருக்கின்றன. மழை நாளில் தாழ்வாரம் ஒழுகுகிறது. அன்று இரண்டாம் வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிப் பந்தி போடுகிறார்கள்.

மிச்சமிருப்பது ஆறாம் வகுப்பு. இந்தத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வகுக்கப்பட்டது. உலை வைக்கும் அந்தப் பெண் இப்போது ஐந்துக்குப் போகிறாள்; அடுத்த ஆண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள நடுநிலைப் பள்ளியில் சேருவாள். அங்கே ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில், டவுன் பஸ்ஸில் சீக்கிரமே வந்து இறங்கிவிடும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருப்பதை நான் ஒரு வேலையாக அங்கே போயிருந்தபோது பார்த்தேன். சாம்பார் மணம் அந்த மரம் வரைக்கும் வருகிறது.

சென்ற வாரம் ருசி பார்த்துக் கையெழுத்திடும்போது, கருத்துக் கட்டத்தில் 'நன்று' என்று எழுதிவிட்டு, கீழே மிச்சமிருந்த சிறிய இடத்தில் 'ஆறாம் வகுப்பு' என்றும் எழுதினேன். ஆய்வுக்கு வந்த அலுவலர் பதிவேட்டைப் புரட்டியவர், இது உணவு சம்பந்தமான குறிப்பா, தவறுதலாக எழுதியதா என்று தலைமையாசிரியையிடம் கேட்டாராம். உணவு சம்பந்தமானதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.